நடை வேகத்தில் ஒரு வண்டி

எங்கள் தோட்டத்து இழுவண்டியை அப்பா 1994-இல் செய்தார். பழைய கொட்டகையைப் பிரித்தபோது மிஞ்சிய ஆங்கிள் இரும்பில் சட்டம். கிணற்றிலிருந்து கழற்றிய ஜி.ஐ. குழாயில் இழுகம்பி. முன்னால் இரண்டு சைக்கிள் சக்கரம், பின்னால் எடைக்குப் போக இருந்த ஒரு மொபெட்டின் இரண்டு சக்கரம், மேலே வேப்பம்பலகை. முன் அச்சு திரும்புவதற்கு நடுவில் ஒரே ஒரு போல்ட். அதற்கு மாதம் ஒருமுறை கிரீஸ் வைப்பது சின்ன வயதில் என் வேலை. இத்தனை வருசத்தில் பலகை இரண்டு தடவை மாறியிருக்கிறது, டயர் எத்தனையோ தடவை. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊர். மாட்டுக் கட்டுத்தரைக்கும் தோட்டத்துக்கும் நடுவே 600 மீட்டர் மண் தடம். பாதி வழியில் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கிளை வாய்க்கால் ஒன்று குறுக்கே போகிறது. அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு ஏறும் தடம் 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம். இருபதுக்கு ஒன்று என்ற சரிவு. சும்மா நடந்து போகிறவருக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. கோ-4 தீவனப்புல்லும் சோளத்தட்டும் ஏற்றிய வண்டியை இழுத்து வருகிறவருக்குத்தான் தெரியும்.

அப்பா இருந்தவரை அவர் இழுப்பார், அம்மா பின்னாலிருந்து தள்ளுவார். அப்பா போன பிறகு அம்மா பாதிப் பாரமாக ஏற்றி, ஒரு நடையை இரண்டு நடையாக்கிக்கொண்டார். அம்மாவுக்கு 64 வயது. நான் ஊருக்குப் போன ஒரு காலையில், வண்டிக்குப் பின்னால் நடந்துவந்தேன். ஏற்றத்தின் பாதியில் அம்மா நின்றார். இழுகம்பியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, குனிந்து, தடத்தோரம் கிடந்த கல்லைக் காலால் நகர்த்திப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். மூச்சு வாங்கினார். பிறகு கல்லை எடுத்துவிட்டு இன்னும் பத்தடி இழுத்தார். மறுபடி கல். அந்தக் கல்லின் ஒரு பக்கம் டயர் பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. எத்தனை நாள் அந்தக் கல் அங்கே கிடந்தது, எனக்குத் தெரியாமல்?

"இதுக்கு ஒரு மோட்டார் வச்சிரலாம்மா" என்றேன்.

"எதுக்கு கண்ணு? நானென்ன மூட்டையா தூக்கறேன்? உருட்டிக்கிட்டுத்தானே வர்றேன்" என்றார்.

உருட்டுவதற்கும் கணக்கு உண்டு. வண்டியும் பாரமுமாக 200 கிலோ என்றால், மண் தடத்தில் அதைச் சமதளத்தில் நகர்த்த ஏறக்குறைய 8 கிலோ இழுப்பு வேண்டும். அந்த இருபதுக்கு ஒன்று ஏற்றத்தில் அது 18 கிலோவாகிறது. நிறைகுடத்தைக் கப்பியில் சேந்தும்போது கைக்குத் தெரியும் பாரம் அது. குடம் மேலே வந்ததும் இறக்கி வைத்துவிடலாம். வண்டி அப்படியில்லை, கை தளர்ந்தால் பின்னால் ஓடும். மனித உடம்பு ஒரு வேலைநாள் முழுக்கச் சீராகக் கொடுக்கக்கூடிய சக்தி சுமார் 75 வாட். நொடிக்கு ஒரு மீட்டர் என்ற மெதுநடையில் முழுப் பாரத்தோடு அந்த ஏற்றம் கேட்பது 175 வாட்டுக்கும் மேல். அம்மா பாதிப் பாரமாக ஏற்றியதும் பாதியில் கல் கொடுத்ததும் இந்தக் கணக்கை உடம்பால் போட்டுப் பார்த்துத்தான்.

இதே கணக்கின் மறுபக்கம் என்னை அதிகம் உலுக்கியது. 75 வாட் வீதம் 8 மணி நேரம் என்றால் 600 வாட் மணி. மின்வாரிய மொழியில் முக்கால் யூனிட்கூட இல்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அந்த நூறு யூனிட் ஒரு மனிதர் நூற்றறுபது நாளுக்கும் மேல் இழுக்கும் இழுப்புக்குச் சமம். வீட்டுக்குள் நாம் கவனிக்காமல் எரியவிடும் விளக்குக்கும் ஓடவிடும் விசிறிக்கும் போவது அது. அதே வீட்டின் பின்னால் ஒரு முழங்கால் அந்த முக்கால் யூனிட்டுக்காகத் தேய்ந்துகொண்டிருக்கிறது.

கோயம்புத்தூரைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு மோட்டார் அந்நியப் பொருள் அல்ல. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. ஆலைகளும் அவற்றைச் சுற்றிப் பட்டறைகளும் பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டாராக அதைச் சொல்வார்கள். கிணற்றில் நீர் இறைக்கக் கவலை ஓட்டிய மாட்டின் தோளிலிருந்து நுகத்தை இறக்கியது அந்த வழியில் வந்த பம்புசெட்தான். எங்கள் ஊரில் தண்ணீர் மேலே வர யாரும் இழுக்க வேண்டியதில்லை என்று ஆகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரில் விளைந்த புல்லை வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் ஆள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அரை நாள் அலைந்து 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார் ஒன்றை வாங்கினேன். கூடவே ஒரு கன்ட்ரோலர், கட்டைவிரலால் அழுத்தும் ஆக்ஸிலேட்டர். பாட்டரிக் கடையில் 12 வோல்ட், 18 ஆம்பியர் மணி பாட்டரி இரண்டு. ஊர்ப் பட்டறை அண்ணன் பின்சக்கரத்தில் 18 பல் கொண்ட சைக்கிள் ஃப்ரீவீலைப் பொருத்தி, மோட்டாரின் 9 பல்லிலிருந்து செயின் மாட்டித் தந்தார். கையில் இருந்த சாமான் அதுதான். "ஓடுமுங்க தம்பி, நல்லா ஓடும்" என்றார். ஓடியது. வெறும் வண்டி தடத்தில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் எடுத்தது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அம்மா அதைப் பிடித்தார். இழுவண்டியில் ஆள் முன்னால் நடக்கிறார், வண்டி பின்னால் வருகிறது. விசையை அழுத்தியதும் வண்டி அம்மாவின் குதிகாலைத் தேடி வந்தது. அம்மா இரண்டடி ஓடினார், தடுமாறினார். பயந்த கை எதைப் பிடித்திருக்கிறதோ அதை இறுக்கும். கட்டைவிரல் விசையின் மேல் இன்னும் அழுந்தியது. விழுந்த பிறகுதான் கை விட்டது, வண்டி நின்றது. முழங்கையில் சிராய்ப்பு. அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், புல்லரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நான் பாரத்தை ஏற்றி நானே ஓட்டிப் பார்த்தேன். அதே பாலத்து ஏற்றத்தில் மோட்டார் முனகி நின்றது, தொட முடியாமல் சுட்டது, ஃபியூஸ் போனது.

சமதளத்தில் ஆளைத் துரத்துகிற வண்டி, ஏற்றத்தில் ஆளைக் கைவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மோட்டாரிடம் இருக்கும் சக்தி ஓர் அளவுதான். அதை வேகமாகவும் வாங்கலாம், இழுப்பாகவும் வாங்கலாம். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். ஒன்பதுக்குப் பதினெட்டு என்ற பல் கணக்கில் நான் வாங்கியது முழுக்க வேகம். அப்படி மாட்டியபோது அந்த மோட்டார் சூடேறாமல் தரக்கூடிய இழுப்பு ஆறு கிலோகூட இல்லை. அம்மாவுக்குத் தேவை வேகம் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மோட்டார் என்றாலே வேகம் என்று எனக்குள் ஏற்கெனவே எழுதியிருந்தது.

அந்த எழுத்து பழையது, ஆனால் மோட்டாரோடு கூடப் பிறந்தது அல்ல. 1837-இல் அமெரிக்காவில் மின் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கிய தாமஸ் டேவன்போர்ட், வெர்மான்ட் மாநிலத்தில் பிராண்டன் என்ற சிற்றூரின் கொல்லர். காந்தத்தில் சுற்றிய கம்பிகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க அவர் மனைவி எமிலி தன் கல்யாணப் பட்டுடையைக் கிழித்துக் கொடுத்தார் என்பார்கள். கடைசல் எந்திரம், துளைப்பான், அச்சு எந்திரம் என்று பட்டறை வேலைக்குத்தான் டேவன்போர்ட் தன் மோட்டாரைப் பூட்டிப் பார்த்தார். அன்றைய பாட்டரிகள் அவரைக் கைவிட்டன. 1859-இல் பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே ஈய அமில பாட்டரியைச் செய்தார். என் வண்டியில் இருப்பதும் அந்தக் குடும்பத்துப் பாட்டரிதான். 1881-இல் பாரிஸ் தெருவில் குஸ்தாவ் த்ரூவே, இங்கிலாந்தில் செய்த மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றில் மோட்டாரையும் அத்தகைய பாட்டரிகளையும் சேர்த்து ஓட்டினார். தொடக்க கால மின்சார வண்டிகளில் ஒன்று பிறந்தது இப்படி, ஏற்கெனவே இருந்த ஒரு வண்டியில் மோட்டாரைக் கட்டித்தான். அதிலிருந்து பதினெட்டே வருசத்தில், 1899 ஏப்ரலில், காமில் ஜெனாட்சி ஒரு மின்சாரக் காரில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினார். அந்தக் காருக்கு வைத்த பிரெஞ்சுப் பெயரின் பொருள் 'ஒருபோதும் திருப்தி அடையாதவள்'. அந்தப் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது.

வேகத்துக்குக் கிடைத்த பரிசும் புகழும் சுமைக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரிலும் அப்படித்தான். மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை 1973-இல் தமிழக அரசு ஒழித்தது. பெரிய காரியம் அது. மனிதனின் மூட்டையை மனிதன் இழுப்பது யார் கண்ணையும் அப்படி உறுத்தவில்லை. சுமையை மிதித்துக் கொண்டுபோன சென்னையின் மீன்பாடி வண்டிக்காரர்கள் தாங்களே வழி தேடிக்கொண்டார்கள். மிதிவண்டிச் சட்டத்தில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைக் கட்டினார்கள். மிதிப்பதிலிருந்து கால் தப்பியது. ஆனால் மிதிக்கிற வேகத்துக்குச் செய்த சட்டமும் பிரேக்கும் இன்ஜின் வேகத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. விபத்துகள் நடந்தன, வழக்குகள் வந்தன. அந்த வண்டிக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கிடைத்த இன்ஜின் வேகத்துக்காகவே பிறந்த இன்ஜின். சுமைக்காக ஒன்றை யாரும் அவர்களுக்குச் செய்து தரவில்லை.

செய்த இடமும் உண்டு. பிரிட்டனில் வீட்டு வாசலுக்குப் பால் கொண்டுபோன மின்சார வண்டிகள் பெயர் பெற்றவை. அவற்றில் ஒரு வகையில் ஓட்டுநர் இருக்கையே கிடையாது. பால்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், பால் அடுக்குகளோடு வண்டி அவர் பின்னால் வரும். வாசலுக்கு வாசல் நிற்பவருக்கு நடை வேகத்துக்கு மேல் எதற்கு? 1993-இல் ஜப்பானில் யமஹா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மிதிவண்டி இன்னொரு படி போனது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அது பார்க்கும், அதற்குத் தக்கபடி மோட்டார் தன் பங்கைச் சேர்க்கும். கால் நின்றால் மோட்டாரும் நிற்கும். மனிதர் தொடங்குவார், எந்திரம் கூட வரும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நான் முதலில் செய்தது, அம்மாவோடு வெறுங்கையோடு அந்தத் தடத்தில் நடந்ததுதான். கட்டுத்தரையிலிருந்து தோட்டம் வரை பத்து நிமிடம். நொடிக்கு ஒரு மீட்டர். என் வண்டி போக வேண்டிய வேகம் அது, அதற்குமேல் ஒரு அடியும் இல்லை.

பட்டறை அண்ணனிடம் மறுபடி போனேன். ஃப்ரீவீலின் மேல் 44 பல் கொண்ட சைக்கிள் பெடல் பல்சக்கரத்தை வைத்து வெல்டு செய்ய வேண்டும் என்றேன். அவர் முதலில் ஃப்ரீவீலை ஈரச் சாக்கால் சுற்றினார். ஒரு பொட்டு வைப்பார், கையை எடுப்பார், சாக்கில் தண்ணீர் தெளிப்பார், எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு வைப்பார். "சூடு உள்ளே இறங்குனா நாக்கு செத்துப்போகுமுங்க" என்றார். ஃப்ரீவீலுக்குள் இருக்கும் அந்தச் சின்ன எஃகு நாக்குகள்தான், மோட்டார் தள்ளும்போது சக்கரத்தைப் பிடிப்பதும் மோட்டார் நின்றால் சக்கரத்தை விட்டுவிடுவதும். அவை பிடிக்காமல் போனால் மோட்டார் வீணாகச் சுற்றும், விடாமல் இறுகிப்போனால் பாட்டரி தீர்ந்த அன்று மோட்டாரையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரு பின்சக்கரத்துக்கு மட்டும் மோட்டார், மற்றது தன்பாட்டுக்குச் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கக் கூடாது.

பிறகு இழுகம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு கேட் ஸ்பிரிங்கும் ஒரு லிமிட் ஸ்விட்சும் வைத்தோம். கட்டைவிரல் விசையைக் கழற்றிவிட்டோம். நடை வேகத்துக்கு மேல் போகாதபடி கன்ட்ரோலரைக் கட்டிவைத்தோம். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துவதற்கென்று கன்ட்ரோலரில் தனியாகக் கம்பிகள் உண்டு. ஸ்விட்சை அவற்றில் இணைத்தோம். இப்போது அம்மா இழுகம்பியை நாலு கிலோ அளவுக்கு இழுத்தால் ஸ்பிரிங் நீளும், மோட்டார் வேலை செய்யும். வண்டி அவரை நெருங்கினால் இழுப்பு தளரும், ஸ்பிரிங் சுருங்கும், மோட்டார் நிற்கும். குதிகாலைத் தேடி வருவதற்கு அதற்கு வழியில்லை. ஏற்றத்தின் 18 கிலோவில் மோட்டார் 14 கிலோவை எடுத்துக்கொள்கிறது. இறக்கத்தில் மோட்டாருக்கு வேலை இல்லை, ஃப்ரீவீல் விட்டுவிடும், பாரம் ஆளைத் தள்ளும். அதற்காக மொபெட் சக்கரத்தில் சும்மா கிடந்த டிரம் பிரேக்குக்குப் புது கேபிள் போட்டு, பிரேக் கட்டையை இழுகம்பிக்குக் கொண்டுவந்தோம். அந்தக் கட்டையில் ஒரு பூட்டுக் கொக்கி உண்டு. ஏற்றத்தில் நிற்க வேண்டுமானால் அதை மாட்டினால் போதும், கல் தேட வேண்டாம்.

புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றில் உப்பு வணிகரின் வண்டி வருகிறது. மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும் என்று எண்ணி, வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற அறிவு அது. வீட்டில் செய்த வண்டியின் மதிப்பு எனக்கு அங்கேதான் இருக்கிறது. இதில் எந்த போல்ட் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும். செயின் அறுந்தால் ஊர் சைக்கிள் கடையில் கிடைக்கும். மோட்டாரே போனாலும் வண்டி அப்பா செய்த வண்டியாக மிஞ்சும். புதிதாகச் சேர்ப்பது பழையதைச் சிறைப்பிடிக்கக் கூடாது.

நண்பர் ஒருவர் கேட்டார், உடலுழைப்பில் ஒரு அழகு இருக்கிறதே, அதை எடுத்துவிடுகிறாயே என்று. நான் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பாத்தியில் புல் முற்றுகிறது, எந்த மாடு இன்றைக்குத் தீனி குறைவாகத் தின்றது, வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், இவையெல்லாம் அம்மாவின் வேலை. அவற்றில் அழகு இருக்கிறது. எந்த மோட்டாரும் அதைத் தொடப்போவதில்லை. இழுப்பது அந்த வேலையின் கூலியில்லாத மிச்சம். அதை அழகு என்று சொல்ல இழுக்கிறவருக்குத்தான் உரிமை, கரையில் நிற்பவருக்கு இல்லை. அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

வண்டி ஓடத் தொடங்கி ஒரு வருசமாகிறது. ஒரு நாள் ஓட்டத்துக்குக் கால் யூனிட்கூடச் செலவாவதில்லை. அம்மா மறுபடி முழுப் பாரமாக ஏற்றி ஒரே நடையில் வருகிறார். அந்தக் கல் தடத்தோரம் புல்லுக்குள் கிடக்கிறது. முதல் வாரத்தில் ஒருநாள், "இது என்னெ இழுக்கலெ, கூட வருது" என்றார் அம்மா. அதற்குமேல் அந்த வண்டியைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. மிக்ஸியைப் பற்றி யாரும் தினமும் பேசுவதில்லையே, அப்படி அது வீட்டுச் சாமானாகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒரு தள்ளுவண்டியோ இழுவண்டியோ இருக்கலாம். காய்கறிக்கு, தண்ணீர்க் கேனுக்கு, இஸ்திரித் துணிக்கு. அதற்கு மோட்டார் வையுங்கள், தயங்காதீர்கள். இன்று பட்டறைகளும் சாமான்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. ஆனால் பல்சக்கரம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், அந்த வண்டியைப் பிடிக்கப்போகிறவரோடு அவர் போகும் வழியில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறார் என்றும் பாருங்கள்.